நூறு மைக்ரான் பலகை: மெம்ஸ் கற்கத் தொடங்குகிறவர்களுக்கு

நீச்சல் குளத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குதிப்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை காங்கிரீட்டில் இறுகியிருக்கும், மறுமுனை அந்தரத்தில் நிற்கும். அதையே 100 மைக்ரான் நீளம், 10 மைக்ரான் அகலம், 2 மைக்ரான் தடிமனுக்குச் சுருக்கி, சிலிக்கானில் செய்து, தரைக்கு மேலே 2 மைக்ரான் இடைவெளி விட்டு நிறுத்தினால் அதுதான் மெம்ஸ் (சிலிக்கான் சிப்பில் செய்யும் நுண் இயந்திரங்கள்) துறையின் 'அ, ஆ'. கேண்டிலீவர் என்பார்கள். தலைமுடி ஒன்றின் குறுக்களவு ஏறக்குறைய 70 மைக்ரான். அதன் மேல் இந்தப் பலகையைக் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருக்கும்.

மெம்ஸ் கற்க வருகிறவர்கள் பலரும் நேராகக் கைரோஸ்கோப்புக்கோ மைக்ரோ மோட்டாருக்கோ போகிறார்கள். எங்கள் கருத்தில் அது வீண் சுற்று. இந்த ஒரு பலகையை வரைந்து, செய்து, விடுவித்து, காயவைத்து, அதிரவைத்து, அளந்து முடித்தவருக்குத் துறையின் முக்கால்வாசிச் சிக்கல்கள் கைக்கு வந்திருக்கும். அதனால் கட்டுரை முழுக்க இதையே பிடித்துக்கொண்டு போகிறோம்.

முதலில் காகிதத்தில் ஒரு கணக்கு. சிலிக்கானின் அடர்த்தி கனமீட்டருக்கு 2330 கிலோ. அதன்படி பலகையின் எடை 4.7 நானோகிராம். பலகைக்கான பாலிசிலிக்கானின் (சிறு சிறு படிகங்களாலான சிலிக்கான்) யங் குணகத்தை, அதாவது பொருளின் விறைப்பு அளவை, 160 கிகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், முனையை அழுத்தும்போது பலகை காட்டும் விறைப்பு மீட்டருக்கு 3.2 நியூட்டன். சூத்திரம் எளியது: குணகத்தை அகலத்தாலும், தடிமனின் கனத்தாலும் பெருக்குங்கள், நீளத்தின் கனத்தைப் போல் நான்கு மடங்கால் வகுங்கள். தன் எடையால் மட்டும் பலகையின் முனை எவ்வளவு தொங்கும்? சுமார் 5 பிக்கோமீட்டர். சிலிக்கான் அணுவின் விட்டத்தில் நாற்பதில் ஒரு பங்கு. அதாவது, புவியீர்ப்பு என்று ஒன்று இருப்பதே இந்தப் பலகைக்குத் தெரியாது.

இப்போது பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு படலம் தண்ணீர் மாட்டிக்கொண்டதாக வையுங்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். அதை இரண்டால் பெருக்கி இடைவெளியான 2 மைக்ரானால் வகுத்தால் 72 கிலோபாஸ்கல், கிட்டத்தட்ட முக்கால் வளிமண்டல அழுத்தம். பலகையின் பரப்பில் இது 72 மைக்ரோநியூட்டன் விசை. பலகையின் எடையைவிடப் பதினைந்து லட்சம் மடங்குக்கும் மேல்! பலகை முழுவதும் பரவலாக அழுத்தி முனையைத் தரை தொட வைக்க 17 மைக்ரோநியூட்டனே போதும். ஆக, தண்ணீர் காயும்போது பலகை தரையில் படுத்து ஒட்டிக்கொள்ளும். ஸ்டிக்‌ஷன் என்ற பெயரில் துறையில் எல்லோரும் திட்டும் சங்கதி இதுதான்.

ஒரு பக்கக் கணக்கு இது. ஆனால் இதைச் சொந்தக் கையால் போட்டுப் பார்க்காமல் கிளீன்ரூமுக்குள் (சிப் செய்யும் தூசியில்லா ஆய்வகம்) போகிறவர், ஏன் தன் சிப்பில் எல்லாமே ஒட்டிப் போனது என்று பிறகு யாரையோ கேட்டுக்கொண்டிருப்பார். நீளம், இடைவெளி, தடிமன் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். இழுக்கும் விசைக்கும் தாங்கும் விறைப்புக்கும் உள்ள விகிதம் நீளத்தின் நான்காம் படியில் ஏறும், இடைவெளியின் வர்க்கத்தில் இறங்கும், தடிமனின் கனத்தில் இறங்கும். 2 மைக்ரான் இடைவெளியில் தோராயமாக 70 மைக்ரான் நீளத்தைத் தாண்டினால் ஆபத்து என்று உங்களுக்கே விடை வரும்.

கையில் கிடைக்கும் மெம்ஸ்

கிளீன்ரூம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஏடிஎக்ஸ்எல்335 என்ற முடுக்கமானி பதித்த சிறு மின்சுற்றுப் பலகைகள் மின்னணுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இதை எடுத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் அதன் வெளியீடு அனலாக் என்பது. நடுவில் டிஜிட்டல் வடிகட்டிகள் புகுந்து எதையும் மறைப்பதில்லை. 3.3 வோல்ட்டில் இயக்கினால் முடுக்கமே இல்லாத நிலையில் 1.65 வோல்ட் வரும். ஒரு ஜி-க்கு (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) ஏறக்குறைய 330 மில்லிவோல்ட் கூடும் அல்லது குறையும். ஆர்டுயினோ ஊனோவில் படிக்கிறவர்கள் 5 வோல்ட் ஒப்பீட்டில் படித்தால் ஒரு ஜி-க்கு 68 படிகள்தான் கிடைக்கும். ஏரெஃப் (ஒப்பீட்டு மின்னழுத்த) முனையை 3.3 வோல்ட்டில் இணைத்தால் அது 102 ஆகும். இணைத்த பிறகு நிரலில் வெளி ஒப்பீட்டைத் தேர்ந்தெடுக்காமல் அனலாக் வாசிப்பைக் கூப்பிடாதீர்கள். உள்ளேயிருக்கும் ஒப்பீட்டு மின்னழுத்தமும் வெளியிலிருந்து வருவதும் மோதி சிப் கெடலாம்.

ஒவ்வொரு அச்சையும் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை வைத்து, ஆக ஆறு நிலைகளில் படியுங்கள். இரண்டின் சராசரி சுழி நிலை; வித்தியாசத்தில் பாதி உணர்திறன். சாய்வான மேஜை இங்கே பிழையைக் கொண்டுவரும். இரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசமான பகுதி இனிமேல்தான். இந்த சிப்பின் தரவுத்தாளில் உணரியின் ஒத்ததிர்வு 5.5 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். ஒரு சுருள்வில்லில் தொங்கும் எடை எவ்வளவு நகரும் என்பதற்கு முடுக்கத்தைக் கோண அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். விடை: ஒரு ஜி-க்கு 8 நானோமீட்டர். உங்கள் உள்ளங்கையில் அந்த மின்சுற்றுப் பலகையைத் திருப்பும்போது உள்ளே பாலிசிலிக்கான் எடை நகர்வது அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இதன் இரைச்சல் 1.3 மில்லி-ஜி. அதை நகர்வாக மாற்றினால் 11 பிக்கோமீட்டர், அணுவின் விட்டத்தில் இருபதில் ஒன்று. சீப்பின் பற்கள்போல ஒன்றுக்குள் ஒன்று கோத்த மின்தேக்கித் தகடுகள் இதைக் கண்டுபிடித்துச் சொல்கின்றன.

சுயசோதனை முனை வெளியே எடுத்துவிடப்பட்ட பலகையைத் தேடி வாங்குங்கள்; மலிவானவை பலவற்றில் அது இருக்காது. அதில் மின்னழுத்தம் கொடுத்ததும் நிலைமின் விசை உள்ளிருக்கும் எடையை இழுக்கும். பலகை மேஜையில் அசையாமல் கிடக்க, எக்ஸ் வெளியீடு இறங்கும், ஒய்யும் இசட்டும் ஏறும். மெம்ஸில் உணரியையே இயக்கியாகவும் ஓட்டலாம் என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்ட முடியாது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? பழுதான கைபேசிகளின் மைக்ரோஃபோன்தான் நல்ல தொடக்கம். உலோக மூடியைக் கூரிய கத்தியால் நெம்பினால் வட்டமான சவ்வும் அதன் மேலோ கீழோ துளையிட்ட தகடும் தெரியும். பீஎம்பி180 போன்ற அழுத்த உணரிகளின் மூடியும் இப்படி வரும். உயிரியல் ஆய்வகத்து நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது கீழிருந்து ஒளியை அனுப்புவது. சிலிக்கான் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடாது, எல்லாம் கரும்பாறையாகத் தெரியும். மேலிருந்து லென்ஸ் வழியாகவே ஒளியை இறக்கும் உலோகவியல் நுண்ணோக்கி வேண்டும். பொறியியல் கல்லூரிகளின் உலோகவியல், இயந்திரவியல் துறைகளில் ஒன்றாவது தூசி படிந்து கிடக்கும்.

படம் வரைவதும் வரிசை போடுவதும்

இயந்திரப் பொறியியலிலிருந்து வருகிறவர்களை இந்தத் துறை தடுக்கி விழ வைக்கும் இடம் இது. லேத்தில் ஒரு பாகத்தைச் செய்தால் முப்பரிமாண வரைபடம் முதலில், எப்படிச் செய்வது என்பது பிறகு. இங்கே தடிமன்கள் உங்கள் கையில் இல்லை. ஃபேப் (சிப் செய்து தரும் ஆலை) கொடுக்கும் அடுக்குகளின் தடிமன் எதுவோ அதுதான். நீங்கள் வரைவது மேலிருந்து பார்க்கும் தட்டையான உருவங்கள், அடுக்குக்கு ஒரு தாள். உயரம் முழுக்க வரிசையிலிருந்து பிறக்கிறது.

இதைப் படிக்கச் சிறந்த பாடம் பாலிமம்ப்ஸ். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வட கரோலினாவில் எம்சிஎன்சி என்ற நிறுவனத்தில் தொடங்கிய பகிர்வு ஃபேப் முறை. பலருடைய வடிவமைப்புகளை ஒரே வேஃபரில் (சிலிக்கான் வட்டத்தகட்டில்) ஏற்றிச் செலவைப் பங்குபோட்டார்கள். அடியில் 0.6 மைக்ரான் நைட்ரைடு, அதன் மேல் 0.5 மைக்ரான் பாலி-0 (முதல் பாலிசிலிக்கான் அடுக்கு), பிறகு 2 மைக்ரான் ஆக்சைடு, 2 மைக்ரான் பாலி-1, 0.75 மைக்ரான் ஆக்சைடு, 1.5 மைக்ரான் பாலி-2, கடைசியில் அரை மைக்ரான் தங்கம். நம் பலகையின் 2 மைக்ரான் தடிமனும் 2 மைக்ரான் இடைவெளியும் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரிந்திருக்கும். ஆக்சைடு தியாக அடுக்கு. வீடு கட்டும்போது கான்கிரீட்டுக்கு அடியில் சென்ட்ரிங் அடித்து, இறுகியதும் பிரிப்பதில்லையா, அதே வேலை. பிரிக்கும் ஆளுக்குப் பதில் இங்கே ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்.

சென்ட்ரிங் உவமையை இன்னும் கொஞ்சம் இழுத்தால் வடிவமைப்பு விதிகளும் புரியும். அமிலம் ஓரங்களிலிருந்துதான் உள்ளே நுழைய முடியும். 10 மைக்ரான் அகலப் பலகைக்கு இரண்டு பக்கமும் 5 மைக்ரான் நுழைந்தால் போதும். அதுவே 200 மைக்ரான் சதுரத் தகடு என்றால் நடுவில் ஆக்சைடு தங்கிவிடும். எனவே பெரிய தகடுகளில் 30 மைக்ரானுக்கு மிகாத இடைவெளியில் துளைகள் போட வேண்டும். மறந்தவர்களின் தகடு அசையாது. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். அதேபோல் பாலி-1 தரையைத் தொடும் தூணுக்கு ஆக்சைடில் குழி வெட்டச் சொல்லாவிட்டால், அமிலத்தில் போட்டதும் பலகை மிதந்து போய்விடும். தொடக்கக்காரர்களின் முதல் வடிவமைப்பில் இவ்விரண்டு பிழைகளில் ஒன்று அநேகமாக இருக்கும்.

வரைவதற்குக் கேலேஅவுட் என்ற இலவச மென்பொருள் போதும். ஜிடிஎஸ் என்ற வரைபடக் கோப்புகளைத் திறக்கும், பைத்தான் நிரலால் உருவங்களை உண்டாக்கும். பலகைகளைக் கையால் வரையாதீர்கள். 20 முதல் 200 மைக்ரான் வரை 10 மைக்ரான் படியில் நீளம் கூடும் வரிசை ஒன்றை நிரலால் இடுங்கள். ஒற்றைப் பலகை ஒன்று ஒட்டிக்கொண்டால் நீங்கள் கற்றது ஒன்றுமில்லை. வரிசையில் எத்தனையாவது பலகையிலிருந்து ஒட்டத் தொடங்குகிறது என்று பார்த்தால் அதுவே ஓர் அளவீடு.

ஒரே மாஸ்க்கில் ஒரு பலகை

சொந்தமாகச் செய்யும் முதல் சாதனத்துக்குப் பாலிசிலிக்கான் வேண்டாம். வேஃபரின் மேல் வளர்த்த ஆக்சைடையே பலகையாக்கி, அதன் அடியிலிருக்கும் சிலிக்கானை அரித்து எடுப்பது எளிது. மாஸ்க் (ஒளி எங்கே பட வேண்டும் என்று தீர்மானிக்கும் வரைதட்டு) ஒன்றே ஒன்று. அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தும் தலைவலி இல்லை.

நூறு-முகம் (மேற்பரப்பாக அமைந்த படிகத் தளத்தின் பெயர்) கொண்ட 100 மில்லிமீட்டர் சிலிக்கான் வேஃபர், தடிமன் 525 மைக்ரான். உலையில் ஈர ஆக்சிஜனேற்றம் மூலம் 1 மைக்ரான் ஆக்சைடு வளர்க்க வேண்டும். உலைக்குள் போகும் முன் ஆர்சிஏ கழுவல் கட்டாயம். 1965இல் ஆர்சிஏ நிறுவனத்தில் வெர்னர் கெர்ன் உருவாக்கிய இந்த முறைதான் இன்றும் ஓடுகிறது: தண்ணீர், அம்மோனியா, ஹைட்ரஜன் பெராக்சைடு 5:1:1 விகிதத்தில், 75 முதல் 80 டிகிரியில் பத்து நிமிடம், அது அழுக்கையும் துகளையும் எடுக்கும். அடுத்து தண்ணீர், ஹைட்ரோகுளோரிக் அமிலம், பெராக்சைடு 6:1:1. அது உலோக அயனிகளுக்கு.

அடுத்தது ரெசிஸ்ட் (ஒளி பட்ட இடம் டெவலப்பரில் கரையும் படலம்) பூசுதல். 150 டிகிரி சூட்டுத்தட்டில் சில நிமிடம் வைத்து ஈரத்தைத் துரத்தி, ரெசிஸ்ட் நன்றாக ஒட்ட எச்எம்டிஎஸ் ஆவி காட்டி, எஸ்1813 ரெசிஸ்ட்டை ஊற்றி நிமிடத்துக்கு 4000 சுற்றில் சுழற்றினால் சுமார் 1.3 மைக்ரான் படலம். 115 டிகிரியில் ஒரு நிமிடம் சூடு. ஒளி சதுர சென்டிமீட்டருக்கு 150 மில்லிஜூல். விளக்கு 15 மில்லிவாட் கொடுத்தால் பத்து விநாடி. விளக்குகள் கிழடாகும். போன மாதத்து நேரத்தை அப்படியே எடுக்காமல் அன்றன்று ஒளிமானியால் அளந்து கணக்கிடுங்கள். எம்எஃப்-319 டெவலப்பரில் ஒரு நிமிடம், தண்ணீரில் அலசல், நைட்ரஜனில் உலர்த்தல்.

எச்எம்டிஎஸ்ஸைத் தவிர்த்தால் என்ன ஆகும்? இப்போது ஒன்றும் ஆகாது. பிறகு பத்து நிமிடம் அமிலத்தில் கிடக்கும்போது ரெசிஸ்ட்டின் ஓரம் தூக்கி, அமிலம் அடியில் புகுந்து, நேர்க்கோடுகள் எலி கடித்தது போலாகும். ரெசிஸ்ட் சிதறி நட்சத்திரம் போல் கோடு விழுந்தால் வேஃபரில் தூசி. விளிம்பில் தடித்த வளையம் நின்றால் மாஸ்க் நடுவில் ஒட்டாமல் கோடுகள் மங்கும். அசிட்டோனில் நனைத்த பஞ்சுக் குச்சியால் விளிம்பைத் துடைத்தால் போதும்.

மாஸ்க்கை வேஃபரின் தட்டை விளிம்புக்கு நேராக வைப்பதில் சோம்பல் கூடாது. பிறகு சிலிக்கானை அரிக்கப் போகும் கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்) அதை எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் அரிப்பதில்லை. நூற்றுப்பதினொன்று என்ற படிக முகங்களில் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால்தான் குழிகள் 54.7 டிகிரிச் சரிவோடு, தலைகீழ்ப் பிரமிடாக வருகின்றன. கோணம் தவறினால் குழி உங்கள் சதுரத்தைவிடப் பெரிய சதுரமாக வளரும். அழுத்த உணரிச் சவ்வுக்கு வேஃபரை முழுதும் துளைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: 525 மைக்ரான் ஆழத்துக்கு மேல்வாய் அடியைவிட 742 மைக்ரான் அகலமாக இருக்க வேண்டும்; ஆழத்தை 1.414ஆல் பெருக்குங்கள். வேஃபர் 25 மைக்ரான் தடிமன் கூடினால் சவ்வு 35 மைக்ரான் சுருங்கும்.

ஆக்சைடைத் திறப்பதற்கு 6:1 பஃபர் ஹைட்ரோஃபுளோரிக் கரைசல். நிமிடத்துக்குச் சுமார் 100 நானோமீட்டர். ஒரு மைக்ரானுக்குப் பத்து நிமிடம், கூடவே ஒரு நிமிடம். முடிந்ததா என்று அறியக் கருவி வேண்டாம். ஆக்சைடு நீரை ஏற்கும். வெற்றுச் சிலிக்கான் தாமரை இலை போல் நீரை உதறும். திறந்த பகுதியிலிருந்து தண்ணீர் உருண்டோடினால் ஆக்சைடு போய்விட்டது. வேஃபரின் பின்பக்கத்திலும் ரெசிஸ்ட் பூசியிருந்தீர்கள்தானே? மறந்திருந்தால் பின்பக்க ஆக்சைடும் போயிருக்கும், கேஓஎச் அங்கிருந்தும் தின்னத் தொடங்கும். மிகப் பொதுவான தவறு இது.

இந்த அமிலத்தைப் பற்றி ஒரு கண்டிப்பு. தோலில் பட்டால் நீர்த்த கரைசலுக்கு உடனே எரியாது. வலி மணிக்கணக்கில் கழித்து வரும். அதற்குள் ஃபுளோரைடு உள்ளே போய் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெரிய அளவில் பட்டால் இதயம் நிற்கும். 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கை எட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். கண்ணாடிப் பீக்கரில் ஊற்றாதீர்கள், அமிலம் கண்ணாடியைத் தின்னும். டெஃப்லான் அல்லது பாலிபுரொப்பிலீன் பாத்திரம் வேண்டும். வீட்டு மாடியில் முயல நினைக்கிறவர்களுக்கு ஒரே சொல்: வேண்டாம்.

ரெசிஸ்ட்டை அசிட்டோனில் எடுத்துவிட்டு 30 சதவீதக் கேஓஎச், 80 டிகிரி. ரெசிஸ்ட்டே மாஸ்க்காக இருக்கட்டும் என்று விட்டுவிட முடியாது, கேஓஎச்சில் அது நொடிகளில் கரையும். சிலிக்கான் நிமிடத்துக்கு ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் கரையும், ஆக்சைடும் 7 அல்லது 8 நானோமீட்டர் போகும். 40 மைக்ரான் ஆழக் குழிக்குச் சுமார் 40 நிமிடம் எடுத்தால், ஒரு மைக்ரான் ஆக்சைடு 0.7 ஆகிவிடும். மணிக்கணக்கில் அரிக்கும் வேலைக்கு ஆக்சைடு தாங்காமல் எல்லோரும் நைட்ரைடுக்குப் போவது இதனால்தான். இன்னொரு அரிப்புக் கரைசலான டிஎம்ஏஎச் ஆக்சைடைத் தொடாது என்றே சொல்லலாம்; ஆனால் 25 சதவீத டிஎம்ஏஎச் தோல் வழியாகப் போய் ஆட்களைக் கொன்றிருக்கிறது. பார்க்கத் தண்ணீர் போலிருக்கும், ஏமாறாதீர்கள். கேஓஎச்சின் குறை வேறு: பொட்டாசியம் டிரான்சிஸ்டர்களுக்கு விஷம். அதில் நனைந்த வேஃபரை மற்றவர்களின் உலையில் ஏற்றினால் ஆய்வகமே உங்கள் மேல் பாயும்.

பலகை விடுபடும் விதம் அழகானது. தட்டை விளிம்புக்கு இணையாக இருக்கும் பலகையின் பக்கங்களில் அரிப்பு நின்றுவிடும். முனையிலுள்ள இரண்டு வெளிமூலைகளில்தான் வேகமாக அரியும் முகங்கள் திறக்கின்றன. கேஓஎச் அங்கே புகுந்து முனையிலிருந்து அடிவரை தின்றுகொண்டே வரும். பலகையை 45 டிகிரி திருப்பி வரைந்தால் பக்கங்களிலிருந்தே அடி கழன்றுவிடும். இரண்டு விதத்தையும் ஒரே மாஸ்க்கில் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து, அலசி, நுண்ணோக்கியில் பாருங்கள். வேகமாக அசைத்தாலோ நைட்ரஜன் துப்பாக்கியை நேராகப் பிடித்தாலோ பலகைகள் பறந்துவிடும்.

இங்கே குழி 40 மைக்ரான் ஆழம் என்பதால் தண்ணீர் இழுக்கும் விசை 2 மைக்ரான் இடைவெளியோடு ஒப்பிட இருபதில் ஒரு பங்குதான். முனை தரை தொடக் கடக்க வேண்டிய தூரமும் இருபது மடங்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மாற்றிச் சூட்டுத்தட்டில் காயவைத்தால் அநேகமாகப் பிழைக்கும். பாலிசிலிக்கான் பலகைக்கு அது போதாது. ஆல்கஹாலின் பரப்பு இழுவிசை 0.022; முன்பு போட்ட கணக்கில் எல்லை 70லிருந்து 94 மைக்ரானுக்குத்தான் நகரும். 100 மைக்ரான் பலகை அப்போதும் ஒட்டும். திரவக் கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கும் 73 வளிமண்டலத்துக்கும் மேலே கொண்டுபோய், திரவம்-வாயு என்ற எல்லையே இல்லாத நிலையில் காயவைக்கும் கருவி அதற்காகத்தான் இருக்கிறது. எல்லையில்லாவிட்டால் பரப்பு இழுவிசையும் இல்லை. கருவி இல்லாதவர்கள் பலகையின் அடியில் 0.75 மைக்ரான் உயர முட்டுகள் வைத்து ஒட்டும் பரப்பைக் குறைக்கிறார்கள்.

ஆழமான செங்குத்துச் சுவர்கள் வேண்டுமென்றால் டிஆர்ஐஇ என்ற பிளாஸ்மா அரிப்பு. பாஷ் நிறுவனத்தில் லேர்மரும் ஷில்ப்பும் 1990களில் கொடுத்த முறை: சல்பர் ஹெக்ஸாஃபுளோரைடால் கொஞ்சம் அரி, சி4எஃப்8 வாயுவால் சுவருக்குப் பூசு, மறுபடி அரி. சுவரில் சின்னச் சின்ன அலைகள் இதன் கையெழுத்து. அகலமான பள்ளம் குறுகலானதைவிட வேகமாக இறங்கும் என்பதை மட்டும் வடிவமைக்கும்போதே நினைவில் வையுங்கள். எல்லாப் பள்ளத்தையும் ஒரே அகலமாக வரைவது பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

கிளீன்ரூம் எங்கே

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஐஎன்யூபி என்ற அரசுத் திட்டம் உண்டு. 2008இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் தொடங்கியது. இப்போது சென்னை, டெல்லி, கரக்பூர், குவாஹாட்டி ஐஐடிகளும் சேர்ந்திருக்கின்றன. வெளிக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் முதலில் அறிமுகப் பட்டறை, பிறகு செய்முறைப் பயிற்சி, பிறகு சொந்தத் திட்டம் என்று படிப்படியாக உள்ளே போகலாம். திட்டம் எழுதும்போது அடுக்கு வரிசையையும் ஒவ்வொரு படிக்கும் ஒரு குறுக்குவெட்டுப் படத்தையும் போடுங்கள். பக்கம் பக்கமான அறிமுகத்தைவிட அந்தப் படங்கள் பேசும். என்பிடெல் இணையப் பாடத்தளத்தில் மெம்ஸ் பாடங்கள் இலவசம். பட்டறைக்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கிளீன்ரூம் எட்டாதவர்கள் அச்சு வார்க்கலாம். பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்வோரின் உலர் ஃபிலிம் ரெசிஸ்ட்டைச் செம்புத் தகட்டில் ஒட்டி, அச்சடித்த டிரான்ஸ்பரன்சி வழியாகப் புற ஊதா ஒளி காட்டி, ஒரு சதவீத வாஷிங் சோடாக் கரைசலில் கழுவினால் 30 முதல் 50 மைக்ரான் உயர மேடுகள் கிடைக்கும். ஆப்பச் சோடா வேறு, வாஷிங் சோடா வேறு. அதன்மேல் சில்கார்ட் 184 சிலிக்கோனை 10:1 எடை விகிதத்தில் கலக்கி, வெற்றிடத்தில் குமிழி போக்கி, ஊற்றி, 65 முதல் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் நுண்வாய்க்கால் தயார். பிசுபிசுவென்று இறுகாமல் நின்றால் விகிதத்தைச் சந்தேகிப்பதற்கு முன் கையுறையைச் சந்தேகியுங்கள். லேட்டக்ஸிலுள்ள கந்தகம் பிளாட்டின வினையூக்கியை முடக்கிவிடும். சரியாகக் கழுவாத முப்பரிமாண அச்சு ரெசினும் அப்படியே. நைட்ரைல் கையுறை போடுங்கள்.

அளப்பது

பலகை நின்றுவிட்டது என்றால் வேலை பாதிதான் முடிந்தது. நுண்ணோக்கியில் 50 மடங்கு லென்ஸை வைத்து அடியில் குவியம் பிடித்து, பிறகு முனையில் பிடித்து, நுண்திருகின் வித்தியாசத்தைப் படியுங்கள். ஒரு மைக்ரான் துல்லியத்தில் வளைவு கிடைக்கும். எல்லாப் பலகையும் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் படலத்தின் மேலும் கீழும் தகைவு (உள்ளே தங்கியிருக்கும் இழுப்பு அல்லது அமுக்கம்) வேறுபடுகிறது. இரண்டு முனையும் கட்டிய பாலங்கள் நெளிந்திருந்தால் அமுக்கத் தகைவு. 2 மைக்ரான் தடிமன், 400 மைக்ரான் நீளப் பாலிசிலிக்கான் பாலம் 13 மெகாபாஸ்கலிலேயே நெளியும். நீளம் கூடும் பாலங்களின் வரிசையில் எது முதலில் நெளிகிறதோ அது உங்கள் தகைவுமானி.

அதிர்வுக்கு விலையுயர்ந்த கருவி தேடி ஓட வேண்டாம். பஸ்ஸரிலிருந்து கழற்றிய பித்தளைப் பைசோ வட்டின் மேல் சிப்பை ஒட்டி, சமிக்ஞை ஜெனரேட்டரால் ஓட்டுங்கள். பலகையில் பட்டுத் திரும்பும் லேசர் புள்ளியைப் பாதி மறைத்த ஃபோட்டோடயோடில் வாங்கினால் ஒத்ததிர்வு தெரியும். 100 மைக்ரான் பாலிசிலிக்கான் பலகைக்கு 268 கிலோஹெர்ட்ஸ் எதிர்பார்க்கலாம். 1 மைக்ரான் ஆக்சைடு பலகைக்கு 91, கேஓஎச் தின்று 0.7 ஆக்கியதற்கு 64 கிலோஹெர்ட்ஸ். பைசோ வட்டுக்கும் சொந்த ஒத்ததிர்வுகள் உண்டு. அதனால் சிப்பின் அசையாத ஓரத்திலும் ஒரு முறை அளந்து, அங்கேயும் வரும் உச்சிகளை அடித்துவிடுங்கள்.

இதற்கும் குறைவாக வந்தால்? அடிப்பக்கத்தில் அரிப்பு கொஞ்சம் உள்ளே போயிருக்கும். பலகை நீங்கள் வரைந்ததைவிட நீளம். 5 மைக்ரான் உள்ளே போனாலே அதிர்வெண் சுமார் ஒன்பது சதவீதம் குறையும். தடிமன் குறைந்ததா, நீளம் கூடியதா என்பதை ஒரு பலகையால் சொல்ல முடியாது. வரிசை சொல்லும். ஒவ்வொரு பலகைக்கும் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தின் தலைகீழை வரைந்த நீளத்துக்கு எதிரே புள்ளியிடுங்கள். நேர்க்கோடு வரும். அதன் சரிவிலிருந்து தடிமன். கோடு நீள அச்சைச் சுழிக்கு இடப்புறம் எங்கே வெட்டுகிறதோ, அந்தத் தூரம்தான் அடியில் போன அரிப்பு.